சந்தியாகோ என்ற ஸ்பானியப் பெயரின் மூலமும் பொருளும்

கேள்வி: நீலமலை

ஸ்பானிய மொழியிலிருந்து சில சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவரும் முயற்சியில் இருக்கிறேன். அவற்றில் ஒரு பெயர் என்னை மீண்டும் மீண்டும் நிறுத்திவிடுகிறது. ஸ்பானியர்கள் பேதுருவைச் சான் பெத்ரோ என்றும், பவுலைச் சான் பாப்லோ என்றும், யோவானைச் சான் ஹுவான் என்றும் சொல்கிறார்கள். 'சான்' என்ற அடைமொழியை எடுத்துவிட்டால் பெத்ரோ, பாப்லோ, ஹுவான் என்று பெயர்கள் தனியே நிற்கின்றன. பிள்ளைகளுக்கும் அவற்றையே சூட்டுகிறார்கள். ஆனால் இயேசுவின் சீடர்களுள் ஒருவரான, செபெதேயுவின் மகனாகிய யாக்கோபை மட்டும் சந்தியாகோ என்கிறார்கள். அதிலிருந்து 'புனித' என்ற பகுதியைப் பிரித்தெடுக்க முடியவில்லை. பிரிக்காமலேயே அதை மகனுக்கும் வைக்கிறார்கள், ஊருக்கும் வைக்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பெயர்ப்பொருள் பட்டியல்களில் ஒன்று இதற்குக் 'குதிங்காலைப் பிடித்தவன்' என்று பொருள் தருகிறது. மற்றொன்று 'வஞ்சித்து இடத்தைப் பிடித்தவன்' என்கிறது. மூன்றாவது 'கடவுள் காப்பாராக' என்கிறது. தியேகோ, ஹைமே, ஹாக்கோபோ ஆகியனவும் இதே பெயர்தாம் என்று எல்லாப் பட்டியல்களும் கூறுகின்றன. நான் மொழிபெயர்க்கும் கதையில் ஒரு பாட்டி சந்தியாகோவிடம் வேண்டிக்கொள்கிறாள். அவளுடைய பேரன் பெயர் தியேகோ. இரண்டும் ஒரே பெயர் என்று அடிக்குறிப்பு எழுதலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நீலமலை அவர்களுக்கு வணக்கம். பட்டியல்கள் தரும் மூன்று பொருள்களும் எபிரேயப் பெயரான யாக்கோபுக்கு உரியவை. சந்தியாகோ என்ற ஸ்பானியப் பெயருக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வேறு கேள்வி. முதலில் வேரைப் பார்த்துவிடலாம்.

ஆதியாகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ரெபேக்காளுக்கு இரட்டையர் பிறக்கிறார்கள். இரண்டாவது பிள்ளை முதற்பிள்ளையாகிய ஏசாவின் குதிங்காலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிவருவதால் யாக்கோபு என்று பெயர் பெறுகிறான். எபிரேயத்தில் குதிங்காலுக்கு 'ஆக்கேப்' என்று பெயர். 27ஆம் அதிகாரத்தில் தகப்பனின் ஆசியையும் இழந்த ஏசா, அவனுக்கு யாக்கோபு என்று பெயர் வைத்தது சரிதான், இரண்டு தடவை என்னை மோசம்போக்கினான் என்று புலம்புகிறான். 'வஞ்சித்தவன்' என்ற பொருள் அங்கிருந்து வருகிறது. ஆகவே இவ்விரண்டும் கதைக்குள்ளேயே பெயருக்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள். மொழியியலாளர் பலர் கருதுவது மூன்றாவதை: 'கடவுள் காப்பாராக' என்று பொருள்படும் யாக்கோப்-ஏல் போன்ற ஒரு முழுப் பெயர் பின்பகுதியை இழந்து யாக்கோபு ஆகியிருக்கலாம். இத்தகைய முழுப் பெயர்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன.

கிரேக்கத்துக்குச் சென்றபோது இந்தப் பெயர் இரண்டாகக் கிளைத்தது. பழைய ஏற்பாட்டு முன்னோரைக் குறிக்கையில் 'இயாக்கோப்' என்று எபிரேய வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாட்டு மனிதர்களைக் குறிக்கையில் கிரேக்க விகுதி சேர்த்து 'இயாக்கோபொஸ்' என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் முன்னவர் ஜேக்கப், பின்னவர் ஜேம்ஸ் என்று ஆனதற்கு மூலம் இதுவே. தமிழ் விவிலியத்தில் இருவரும் யாக்கோபாகவே இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஆங்கிலம் வழியாக ஸ்பானியத்தை அணுகுவோர்தாம் ஜேம்ஸ் எப்படிச் சந்தியாகோ ஆனான் என்று வியக்கிறார்கள். யாக்கோபிலிருந்து தொடங்கினால் தொலைவு பாதியாகக் குறைந்துவிடும்.

இலத்தீனில் அது இயாக்கோபுஸ். மக்களின் பேச்சு வழக்கில் முதல் அசையில் அழுத்தம் விழுந்தது. அதனால் பின்னுள்ள அசைகள் தேய்ந்தன. உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் ஸ்பானியத்தில் மெலிந்து ஒலிப்பது இயல்பு: நண்பன் என்னும் பொருளுள்ள அமிக்குஸ் அமிகோ ஆனது, ஏரியைக் குறிக்கும் லாக்குஸ் லாகோ ஆனது. அவ்வாறே இயாக்கோபுஸ் தேய்ந்து இயாகோ ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் வரும் இயாகோவின் பெயரும் இதுதான். ஸ்பானியாவின் வடமேற்குப் பகுதியான கலீசியாவில் இன்றும் அந்த வடிவத்தைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்கள்.

இனி முன்னொட்டுக்கு வருவோம். 'சாங்க்துஸ்' என்ற இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் 'சாந்தோ' ஆகி, ஆண்பாற் பெயருக்கு முன் 'சான்' என்று குறுகியது. தோ, தொ என்று தொடங்கும் சில பெயர்களுக்கு முன் மட்டும் அது குறுகவில்லை. சாந்தோ தொமாஸ், சாந்தோ தொமிங்கோ என்பவை காட்டுகள். பழைய மொழியில் உயிரெழுத்துக்கு முன் 'சாந்த்' என்று தகர ஒலி எஞ்சி நின்றது. சாந்த் இயாகோ என்ற இரு சொற்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுச் சந்தியாகோ ஆனது இப்படித்தான். அந்தோனியோ, அந்திரேஸ் முதலிய பெயர்களும் உயிரில் தொடங்குபவைதாம். ஆனால் அவை தனித்தும் வழங்கியதால் தகரம் உதிர்ந்து, சான் அந்தோனியோ என்ற பொது வடிவத்துக்குள் வந்துவிட்டன. இயாகோவுக்கு அந்தத் தனிவாழ்வு குறைவு.

இவ்வாறு ஒட்டிப்போன சொற்கள் ஸ்பானிய நிலப்படத்தில் இன்னும் சில உண்டு. வடகடற்கரையில் உள்ள சாந்தாந்தேர் நகரம் எமெத்தேரியுஸ் என்ற புனிதரின் பெயர்; சாந்தியானா தெல் மார் என்ற ஊர் புனித ஜூலியானாவின் பெயர்; சஹகூன் என்பது சான் ஃபக்குந்தோ தேய்ந்த உருவம். ஆனால் இவை ஊர்ப்பெயர்களாகவே நின்றுவிட்டன. 'புனித' என்பதைத் தன்னுள் வைத்துக்கொண்டே ஆட்பெயராக ஊரெங்கும் பரவியது சந்தியாகோதான்.

மறுமொழி: பனைநிழல்

ஏட்டுச்சுவடி ஐயா ஒலிமாற்றத்தை விளக்கிவிட்டார். ஆனால் தேய்வு மட்டும் ஒரு பெயரை இவ்வளவு இறுக்கமாக ஒட்டவைக்காது. அந்தப் பெயர் எத்தனை வாய்களில், எந்தச் சூழலில் புழங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விவிலியத்தில் இந்த யாக்கோபைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. யோவானின் உடன்பிறந்தவர், மீனவர், இருவரையும் இயேசு 'இடிமுழக்க மக்கள்' என்று அழைத்ததாக மாற்கு எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகளின் 12ஆம் அதிகாரம் ஏரோது அரசன் அவரைப் பட்டயத்தினால் கொலை செய்ததாக ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. அந்த அரசனாகிய முதலாம் அகிரிப்பா கி.பி. 44இல் இறந்தான், எனவே யாக்கோபின் மரணம் அதற்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். ஸ்பானியாவைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர் அங்கே போதித்தார் என்ற கருத்து ஏழாம் நூற்றாண்டு அளவில் எழுத்தில் தோன்றுகிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அஸ்தூரியாஸ் நாட்டில் பாடப்பட்ட ஒரு துதிப்பாடல் அவரை ஸ்பானியாவின் காவலர் என்றே போற்றுகிறது. நான் இதை வரலாறாக ஏற்கவில்லை. எனினும் பெயரின் வாழ்க்கைக்கு அதன் உண்மையைவிட, மக்கள் அதை நம்பியதே பெரிது.

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலீசியாவின் காட்டுப்பகுதி ஒன்றில் பெலாயோ என்ற துறவி இரவில் ஒளிகளைக் கண்டதாகவும், இரியா ஃபிளாவியாவின் ஆயர் தெயோதொமீரோ அங்கே தேடியபோது ஒரு பழங்கல்லறை வெளிப்பட்டதாகவும், அது யாக்கோபுடையது என்று அவர் அறிவித்ததாகவும் மரபு கூறுகிறது. இரண்டாம் அல்ஃபோன்சோ அரசன் அவ்விடத்தில் சிறு கோயில் எழுப்பினான். இந்த ஆயரே கற்பனைப் பாத்திரமோ என்று ஐயுற்ற அறிஞர்கள் இருந்தார்கள். 1955இல் பேராலயத்தின் தரைக்கு அடியில் அவருடைய கல்லறைக் கல் கிடைத்தது. 847 என்ற ஆண்டு அதில் பொறிக்கப்பட்டிருந்தது. தன் ஆயர் இருக்கையின் ஊரை விட்டு இந்தக் கல்லறையருகே அடக்கம் செய்யப்படுவதை அவர் விரும்பியிருக்கிறார் என்பது எனக்குச் சுவையான செய்தி.

அந்த இடமே சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. கொம்போஸ்தெலா என்பதைக் 'கம்புஸ் ஸ்தெல்லே', அதாவது விண்மீன் வயல், என்று பிரித்து ஒளிகளின் கதையோடு இணைப்பது வழக்கம். அழகான விளக்கம்; ஆனால் ஒலிமாற்ற விதிகள் அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. பேராலயத்துக்குக் கீழே உரோமர் காலத்து இடுகாடு ஒன்று அகழ்ந்து காணப்பட்டதால், அடக்கம் செய்யப்பட்ட நிலம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அது வந்திருக்கும் என்னும் கருத்தே எனக்கு வலுவாகப் படுகிறது.

அடுத்துப் போர். 844இல் கிளாவிஹோ என்ற இடத்தில் அரசன் முதலாம் இராமீரோவுக்கு உதவியாக யாக்கோபு வெண்புரவியில் தோன்றி, அன்று ஸ்பானியாவின் பெரும்பகுதியை ஆண்ட முஸ்லிம்களாகிய மூர்களை வீழ்த்தினார் என்பது கதை. அப்படியொரு போர் நடக்கவேயில்லை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் முடிவு. அதை விவரிக்கும் ஆவணம் 12ஆம் நூற்றாண்டில்தான் எழுதப்படுகிறது. ஆனால் அந்தக் கதையைக் காட்டி விவசாயிகளிடம் தானிய வரி தண்டினார்கள். 1812இல் காதிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம்தான் அதை ஒழித்தது. நடக்காத போருக்கு நூற்றாண்டுக் கணக்கில் வரி கட்டியவர்களை எண்ணிப் பாருங்கள்.

இதில்தான் நீலமலை அவர்களின் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். யாக்கோபின் பெயர் ஸ்பானியாவில் முதன்மையாக விளிப்பெயராக வாழ்ந்தது. பாதயாத்திரை செல்வோர் அவரை விளித்தார்கள், போர்க்களத்தில் படையினர் விளித்தார்கள். 1207 என்ற ஆண்டைக் குறிக்கும் சுவடியில் நமக்குக் கிடைக்கும், சித் என்ற ஸ்பானிய வீரனைப் பாடும் காவியத்தில், போரின் நடுவே மூர்கள் முகமதுவின் பெயரையும் கிறித்தவர்கள் 'சந்தி யாகுவே' என்றும் கூவுவதாக ஓர் அடி வருகிறது. யாகுவே என்பது இலத்தீன் விளிவேற்றுமையான 'இயாக்கோபே' தேய்ந்த உருவம் என்று விளக்குவார்கள். கூவி அழைக்கும்போது அடைமொழியையும் பெயரையும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

பின்னாளில் 'சந்தியாகோ, சியெர்ரா எஸ்பாஞா' என்பது போர்முழக்கமாயிற்று. 'சியெர்ரா' என்ற வினைக்கு மூடு என்றும் பொருள், நெருங்கித் தாக்கு என்றும் பொருள். 1615இல் வெளிவந்த தொன் கிஹோத்தே நாவலின் இரண்டாம் பாகத்தில் சாஞ்சோ பான்சா தன் எசமானரிடம், மூட வேண்டிய அளவுக்கு ஸ்பானியா திறந்தா கிடக்கிறது என்று கேட்கிறான். அப்போதே அந்த முழக்கம் பொருள் மங்கிய பழந்தொடராகிவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு செய்தி. அரபு மொழியின் யஃகூப், நம் தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் யாகூப், இரண்டும் இதே எபிரேயப் பெயர். 1195இல் அலார்கோஸ் போரில் காஸ்தீலிய அரசனைத் தோற்கடித்த அல்மொஹாது கலீஃபாவின் பெயர் அபூ யூசுஃப் யஃகூப் அல்-மன்சூர். சந்தியாகோவின் பெயரால் 1170இல் தொடங்கிய மறவர் சபையினரும் எதிரணியில் நின்றார்கள். இரு பக்கமும் யாக்கோபு!

மறுமொழி: கல்வெட்டுப்பித்தன்

முன் எழுதிய இருவரும் தியேகோவைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். அடிக்குறிப்பின் பொருட்டு அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: சந்தியாகோவை மக்கள் 'சான் தியாகோ' என்று தவறாகப் பிரித்தார்கள், பிறகு தியாகோ தியேகோ ஆனது. போர்த்துக்கீசிய மொழியில் இவ்வாறு நடந்தது உண்மை. அங்கே தியாகோ என்ற பெயர் அப்படிப் பிறந்ததே. புனிதரையும் சவ் தியாகோ என்று பிரித்துச் சொல்லும் வழக்கு அங்கே உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஸ்பானியத்திலும் அப்படித்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். ஆவணங்கள் அதற்கு ஒத்துவரவில்லை.

884இல் புர்கோஸ் நகரை நிறுவிய காஸ்தீலியக் கோமகன் தியேகோ ரொத்ரீகெஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால இலத்தீன் ஆவணங்களில் தியேகோக்கள் 'திதாக்குஸ்' என்றே எழுதப்படுகிறார்கள். கல்லறை வெளிப்பட்டு அரை நூற்றாண்டு சென்றிருக்கலாம். அதற்குள் சந்தியாகோ என்ற சொல் உருவாகி, ஒட்டி, தவறாகப் பிரிந்து, புதிய பெயராகி, அதற்கு ஒரு போலி இலத்தீன் வடிவமும் வந்துவிட்டது என்று கொள்வது கடினம்.

இதைவிடத் தெளிவான சான்று கொம்போஸ்தெலாவிலேயே இருக்கிறது. 1120இல் அவ்வூரின் முதல் பேராயரானவர் தியேகோ ஹெல்மீரெஸ். அவருடைய கட்டளைப்படி எழுதப்பட்ட கொம்போஸ்தெலா வரலாறு என்ற இலத்தீன் நூலில் அவர் திதாக்குஸ், அப்போஸ்தலர் இயாக்கோபுஸ். ஒரே நூலில், அப்போஸ்தலரின் பெயருக்காகவே வாழ்ந்த ஒரு பேராயரைப் பற்றி எழுதும்போது, இரண்டையும் ஒன்று என்று அந்த எழுத்தர்கள் கருதவேயில்லை. தம் தலைவர் அப்போஸ்தலரின் பெயரைத் தாங்கியவர் என்று சொல்லிக்கொள்ள வாய்ப்பிருந்தால் விட்டிருப்பார்களா?

திதாக்குஸ் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. போதனை என்ற பொருளுள்ள 'திதகே' என்ற கிரேக்கச் சொல்லோடு இணைப்பது ஏட்டறிஞர்களின் பிற்கால ஊகம்போலத் தோன்றுகிறது; உரோமர் வருகைக்கு முந்தைய ஐபீரிய நிலத்துப் பெயர் என்று கருதுவோரும் உளர். அதன் வழித்தோன்றல்கள் இன்று ஸ்பானியா முழுவதும் இருக்கிறார்கள்: தீயாஸ், தியேஸ் என்ற குடும்பப் பெயர்களுக்குத் தியேகோவின் மகன் என்பதே பொருள். சித் என்று புகழ்பெற்ற ரொத்ரீகோ தீயாஸின் தந்தை பெயர் தியேகோ லைனெஸ்.

மேலும், தியேகோ என்ற பெயரிலேயே தனிப் புனிதர் ஒருவர் இருக்கிறார். செவீயா பகுதியில் பிறந்து, குருப்பட்டம் பெறாமல் பிரான்சிஸ்கு சபையில் எளிய சகோதரராக வாழ்ந்து, 1463இல் அல்காலா தெ எனாரெஸ் நகரில் இறந்தவர். தன் மகன் தொன் கார்லோஸ் தலையில் அடிபட்டுப் பிழைத்தது இவருடைய வேண்டுதலால் என்று நம்பிய இரண்டாம் பிலிப்பு அரசன் வற்புறுத்தியதால் 1588இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். திருச்சபையின் இலத்தீனில் இவரும் திதாக்குஸ்தான். கலிபோர்னியாவின் சான் தியேகோ நகருக்கு 1602இல் செபஸ்தியான் விஸ்காயீனோ இந்தப் புனிதரின் பெயரையே வைத்தார். அதைச் சந்தியாகோவின் இன்னொரு உருவம் என்று எழுதுவது பிழை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் ஸ்பானியர்களே இரண்டையும் ஒன்றாகக் கருதத் தொடங்கிவிட்டார்கள். தியேகோ என்ற பெயருடையவர் சந்தியாகோவின் திருநாளில் தம் பெயர்விழாவைக் கொண்டாடுவதும் உண்டு. ஆகவே கதையின் பாட்டி தன் பேரனின் பெயரில் அப்போஸ்தலரைக் காண்கிறாள் என்றால் அது அவளுடைய நம்பிக்கை. கதைக்குள் அது செல்லும். அடிக்குறிப்பில் 'இரண்டும் ஒன்றே' என்று உங்கள் குரலில் எழுதாதீர்கள். 'ஒன்றே என்று மக்கள் கருதுவர்' என்று எழுதுங்கள்.

நீலமலை

மூவருக்கும் நன்றி. அந்தப் பாட்டி பேரனுக்காக வேண்டுவது சந்தியாகோவின் திருநாளாகிய ஜூலை 25 அன்று என்பதால் கல்வெட்டுப்பித்தன் ஐயா சொன்ன வாக்கியம் கதைக்கு மிகவும் பொருந்துகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஹைமே என்பது இயாகோவிலிருந்து இவ்வளவு விலகியது எப்படி? தமிழ்நாட்டில் சந்தியாகப்பர் என்று வழங்கும் பெயருக்கும் இந்தச் சந்தியாகோவுக்கும் நேரடித் தொடர்பு உண்டா? இருந்தால் மொழிபெயர்ப்பில் அதையே பயன்படுத்தலாமா?

மறுமொழி: கொற்கைக்கரை

தொடர்பு உண்டு. ஆனால் ஸ்பானியாவிலிருந்து நேராக வந்ததல்ல, போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றதிலிருந்து போர்த்துக்கீசிய ஞானப்பெயர்கள் எங்கள் கரையில் புகுந்தன. சந்தியாகு என்ற ஆட்பெயரும் சந்தியாகப்பர் என்ற புனிதர் பெயரும் அந்த வழியில் வந்தவை. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் ஆலயம் உள்ளது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் அதே புனிதருக்கு யாகப்பர் என்ற பெயரில் ஆலயம் உள்ளது. முன்னதில் 'சாந்த்' ஒட்டியிருக்கிறது, பின்னதில் இல்லை, இருவரும் ஒருவரே.

பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் பவுல் சின்னப்பர் ஆனார், யோவான் அருளப்பர் ஆனார். பவுலுஸ் என்றால் சிறியவன், யோவான் என்றால் கடவுளின் அருள். பொருளைத் தமிழாக்கி 'அப்பர்' என்று மரியாதை சேர்த்தார்கள். யாக்கோபுக்கு மட்டும் அப்படிச் செய்யாமல் ஒலியை வைத்துக்கொண்டார்கள். குதிங்காலப்பர் என்று எந்த ஊரார்தான் தேர் இழுப்பார்கள்!

நாம் 'புனித சந்தியாகப்பர்' என்று எழுதும்போது அதில் புனிதம் இரண்டு முறை வந்துவிடுகிறது. எவருக்கும் அது உறுத்துவதில்லை. சென்னையின் சாந்தோமும் இப்படித்தான்: தோமாவின் பெயரோடு போர்த்துக்கீசியச் 'சாந்து' இணைந்துகிடக்கிறது, நாம் அங்கே புனித தோமையார் பேராலயம் என்று பலகை வைத்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி என் கருத்து: சந்தியாகப்பர் என்றால் எங்கள் ஊர்த் திருவிழாவும் கொடிமரமும் வாசகர் கண்முன் வந்து நிற்கும். ஸ்பானியக் கிராமத்துப் பாட்டி மறைந்துவிடுவாள். பயன்படுத்த வேண்டாம்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

கொற்கைக்கரை அவர்கள் சொன்னதை நான் முழுமையாக ஏற்கவில்லை. யாகப்பர் என்ற சொல்லை அறியாத தமிழ் வாசகரும் சந்தியாகப்பரை அறிந்திருக்கக்கூடும். முன்னுரையில் ஒருமுறை அந்தத் தொடர்பைச் சொல்வது வாசகருக்கு உதவியாக இருக்கும். கதையின் உடலில் ஸ்பானிய வடிவத்தையே வைப்பது நல்லது என்பதில் எனக்கும் உடன்பாடு.

ஹைமே பற்றி. இயாக்கோபுஸ் என்பதற்குப் பிற்கால இலத்தீனில் 'இயாக்கோமுஸ்' என்று பகரம் மகரமாகிய ஒரு மாற்று வடிவம் தோன்றியது. இத்தாலியரின் ஜாக்கொமோ, ஆங்கிலேயரின் ஜேம்ஸ், கத்தலானியரின் ஜவுமே, ஸ்பானியரின் ஹைமே எல்லாம் அந்தக் கிளையில் வந்தவை. பிரெஞ்சுக்காரரின் ஜாக் பகரக் கிளை. பாரிசில் சேன் ஜாக் தெருவில் இருந்த மடத்தால் தொமினிக்குச் சபையினருக்கு ஜாக்கோபின் என்ற பெயர் வந்தது. அச்சபையின் மற்றொரு மடத்தில் பின்னாளில் கூடிய புரட்சிக் கழகத்துக்கும் அது ஒட்டிக்கொண்டது, அவர்களுக்குப் புனிதர்கள்மேல் நாட்டமில்லாதபோதும். ஹாக்கோபோ என்பது ஏட்டு வழக்கிலிருந்து நேராக எடுத்துக்கொண்ட வடிவம். அதனால்தான் அதில் தேய்வு இல்லை.

ஹைமே அரகோன் நாட்டுக்கும் கத்தலானியாவுக்கும் உரிய பெயராக வளர்ந்தது. 1208இல் பிறந்து, மயோர்க்காவையும் வாலென்சியாவையும் வென்ற அரசன் முதலாம் ஜவுமே தன் வரலாற்று நூலில் தனக்குப் பெயர் வந்த கதையைச் சொல்கிறான். அவனுடைய தாய் மரியா, பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கும் ஒரே அளவில் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றச் செய்து, எது கடைசி வரை எரிகிறதோ அந்தப் பெயரை மகனுக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டாள். யாக்கோபின் வர்த்தி மற்றவற்றைவிட அதிகம் எரிந்தது. குதிங்காலோ வஞ்சனையோ அந்தத் தாயின் நினைவில் இல்லை. பெயரின் பொருள் என்ன என்று அவளைக் கேட்டிருந்தால் அப்போஸ்தலரைத்தான் காட்டியிருப்பாள். பெயர்ப்பொருள் பட்டியல்களில் எனக்குள்ள குறை இதுவே. ஸ்பானியக் குடும்பம் ஒன்று மகனுக்குச் சந்தியாகோ என்று பெயரிடும்போது எபிரேய வினைச்சொல் எதையும் எண்ணுவதில்லை.

இடைக்காலத்தில் ஆட்பெயர்களாகப் பரவலாகக் காண்பவை தியேகோ, ஹைமே ஆகியவையே. சந்தியாகோ புனிதருக்கும் ஊருக்கும் உரியதாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் நிறுவிய நகரங்களில் இதை நன்கு காணலாம். 1515இல் கூபாவின் சந்தியாகோவை நிறுவியவர் தியேகோ வெலாஸ்கெஸ். 1567இல் சந்தியாகோ தெ லெயோன் தெ கராக்கஸ் நகரை நிறுவியவர் தியேகோ தெ லொசாதா. ஆள் தியேகோ, ஊர் சந்தியாகோ. சிலி நாட்டுத் தலைநகருக்கு 1541இல் பெத்ரோ தெ வால்திவியா அந்தப் பெயரை வைத்தார். சந்தியாகோ பெரிய அளவில் பிள்ளைப்பெயராவது அதற்கு நெடுங்காலத்துக்குப் பிறகு. 1906இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற சந்தியாகோ ரமோன் இ கஹால் 1852இல் பிறந்தவர். இன்று வீட்டில் சந்தி என்றும், இலத்தீன் அமெரிக்காவில் சாகோ என்றும் சுருக்கி அழைப்பார்கள். 'புனித' என்பதன் ஒரு துண்டே செல்லப்பெயராகிவிட்டது!

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. நம் நாளிதழ்கள் ஆங்கிலத்தைப் பின்பற்றிச் 'சாண்டியாகோ' என்று எழுதுகின்றன. ஸ்பானியத் தகரம் பல்லொலி. நம் தகரமே அதற்குச் சரியானது. சந்தியாகோ என்றே எழுதுங்கள். பாட்டி விளிக்கும் இடத்தில் 'புனித சந்தியாகோவே' என்பது ஸ்பானிய வழக்குக்கு ஒவ்வாது. அவர்கள் சந்தியாகோவுக்கு முன் மறுபடியும் சான் சேர்ப்பதில்லை, 'அப்போஸ்தலர் சந்தியாகோ' அல்லது 'ஆண்டவர் சந்தியாகோ' என்பார்கள். ஜூலை 25 ஞாயிறாக அமையும் ஆண்டைக் கொம்போஸ்தெலாவில் யூபிலி ஆண்டாகக் கொண்டாடுவார்கள்; 2021 அப்படிப்பட்ட ஆண்டு, அடுத்தது 2027. உங்கள் கதையில் பாட்டி வேண்டிக்கொள்ளும் திருநாள் ஞாயிற்றுக்கிழமை என்று மூலத்தில் குறிப்பு இருந்தால் அதை விட்டுவிடாமல் மொழிபெயர்த்துவிடுங்கள். ஸ்பானிய வாசகர் அந்த ஒரு சொல்லிலேயே அது யூபிலி ஆண்டு என்று அறிந்துகொள்வார், தமிழ் வாசகருக்கு அதை அடிக்குறிப்பில்தான் சொல்ல முடியும்.